நான்காவது தாள்

இல்லை அண்ணாச்சி, இது கடைக் கணக்கு நோட்டு இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீள நோட்டு, மேலே பாலிதீன் உறை, அதை மடியில் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறேன், அதனால் கேட்டுவிட்டீர்கள். இது ஸ்கோர் புத்தகம். பேஸ்பால் ஸ்கோர் புத்தகம்.

பேஸ்கட்பால் இல்லை. பேஸ்பால். பரவாயில்லை, எங்கள் ஊரில் பாதிப்பேர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் அம்மா, "கூடைப்பந்து எழுதப் போயிருக்கான்" என்பாள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள் பையை மேலே வைக்கட்டுமா? வேண்டாமா, சரி. உள்ளே பட்டுப்பாவாடை இருக்கிறதா, கசங்கிவிடும். கண்டக்டரிடம் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. புதுக்கிணறு விலக்கில் இறங்கணும். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, பத்தரைக்குள் போகணும், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தணும். "வந்ததும் சொல்லுதேன், நீங்க நிம்மதியா உக்காருங்க" என்று அவரும் சொன்னார். இந்தப் பக்கம் நீங்கள் வந்ததில்லை போல. நல்லது, நல்லது.

எனக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. பயப்படாதீர்கள், போலீஸ் இல்லை. விளையாட்டுச் சங்கத்தில். என் மேல் ஒரு புகார். எங்கள் ஊர்க்காரர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டு. அதில் ஒன்று என் சித்தப்பாவுடையது. அவருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

தேரிவிளை என் ஊர். உப்பாற்றூர் தெரியுமா? எங்களுக்கு ஆறு கிலோமீட்டர் தெற்கே. மேல்நிலைப் பள்ளி எங்களுக்கு வந்தது, ஆஸ்பத்திரி அவர்களுக்குப் போனது. அவர்களுக்குப் படிப்பு ஏறாது என்று நாங்கள் சொல்வோம். எங்கள் கிறுக்குக்கு ஊரில் மருந்து கிடையாது என்று அவர்கள் சொல்வார்கள். இப்படியே ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

இந்தப் பேஸ்பாலைக் கொண்டுவந்தவர் எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் ஞானசிகாமணி சார். படிப்பு முடித்துச் சும்மா இருந்த பயல்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "எலே, கிரிக்கெட்டுல உங்கள மாதிரி பத்தாயிரம் பேரு வரிசைல நிக்கான். இதுல மாவட்டத்துக்கே ஆள் கிடையாது. ஜெயிச்சா ஸ்டேட்டுக்குப் போகலாம். ஸ்டேட்டுக்குப் போனா சர்டிபிகேட்டு. அத வச்சு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டுல மனுப் போடலாம்." அவ்வளவுதான். ஒரே வாரத்தில் அணி தயார். அதைக் கேள்விப்பட்டு அடுத்த வாரமே உப்பாற்றூரிலும் ஒரு அணி. மாவட்டத்துக்கு மொத்தமே இந்த இரண்டு அணிதான். வருஷா வருஷம் மூன்று ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆட்டம். இரண்டு ஜெயித்தவர்கள் மாவட்டச் சாம்பியன்.

பதினொரு கையுறை இருந்தது, அண்ணாச்சி. சங்கம் கொடுத்தது. இரண்டு அணிக்கும் சேர்த்து அதேதான். பந்து பிடிக்கிற அணி மாட்டியிருக்கும். முறை மாறும்போது நின்ற இடத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போகணும். எதிராளி வந்து எடுத்து மாட்டிக்கொள்வான். வியர்வை ஈரம் அப்படியே இருக்கும். கையை உள்ளே விடும்போது ஒவ்வொருவனும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித்தான் விடுவான். சண்டைக்கார ஊர்கள், ஒரே கையுறை. வேடிக்கைதான்.

நானும் ஒரு வருஷம் ஆடினேன். வலது ஓரத்தில் நிறுத்தினார்கள். பந்து அந்தப் பக்கம் வராது என்பதால் நிறுத்தினார்கள். வந்த ஒரே ஒரு தடவை நான் சூரியனைப் பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் சார் கூப்பிட்டு, "நீ படிச்ச பிள்ளை, நீ எழுது" என்றார். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. புள்ளியியல். ஸ்கோரர் பரீட்சையும் எழுதிப் பாஸ் செய்தேன். டிகிரிக்குப் பிறகு என் பெயர் அச்சடித்து வந்த தாள் அது ஒன்றுதான். ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்கு அதை ரத்து செய்யச் சொல்லித்தான் புகார்.

பயல்கள் என்னைப் பென்சில் என்று கூப்பிடுவார்கள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

புகார் என்னவென்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு ரூலைச் சொல்லணும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. இந்த ஆட்டத்தில் மட்டை பிடிக்க ஒரு வரிசை உண்டு. ஒன்று முதல் ஒன்பது வரை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிடணும். பிறகு அந்த வரிசையில்தான் வரணும். வரிசை மாறி ஒருவன் வந்து அடித்தால், எதிரணி நடுவரிடம் முறையிட்டால்தான் அது தப்பு. முறையிட்டால் அவன் அடித்தது செல்லாது, உண்மையில் வந்திருக்க வேண்டியவன் அவுட். முறையிடாமல் விட்டுவிட்டால் தப்பே இல்லை. இதில் ஸ்கோரர் என்ன செய்யணும்? கண்ணெதிரே வரிசை மாறினாலும் வாயைத் திறக்கக் கூடாது. நடுவரிடமும் சொல்லக் கூடாது, எந்த அணியிடமும் சொல்லக் கூடாது. புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது. அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன், பார்க்கிறீர்களா? சரி, வேண்டாம்.

எனக்கு அந்த ரூல் ரொம்பப் பிடிக்கும். ஏன் என்று கேட்டால், எங்கள் அப்பா சாதிச் சான்றிதழுக்கு என்னைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போனார். பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் பேச்சோடு பேச்சாக, "எங்க அய்யா காலத்துல வடக்கேயிருந்து வந்தோம் சார்" என்றார். போச்சு. வடக்கே எங்கே, எந்தத் தாலுகா, அங்கே போய் ஒரு சான்று வாங்கி வா. நான்கு மாதம் அலைந்தோம். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னார்: "இனிமே யாரு கேட்டாலும் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுலே. கூட ஒரு வார்த்தை பேசாத." இன்றுவரை நான் அதை மீறியதில்லை.

இந்த வருஷம் முதல் ஆட்டம் எங்கள் ஊரில். ஜெயித்தோம். பத்திரிகைக்குப் போட்டோ எடுக்கணும் என்றார்கள். எல்லாரும் வரிசையாக நின்றார்கள். நானும் ஓரமாகப் போய் நின்றேன். கேப்டன் பேச்சிமுத்து போனை நீட்டினான். "ஏலே பென்சில், நீ எடு. உனக்குத்தான் கை ஆடாது." எடுத்தேன். மறுநாள் பத்திரிகையில் நன்றாக வந்திருந்தது. கையுறை ஏற்றி வந்த வேன் டிரைவர்கூட அதில் இருந்தார்.

இரண்டாவது ஆட்டம் உப்பாற்றூரில். தோற்றோம். ஜெபஸ்டின் முக்கியமான நேரத்தில் அவுட்டாகிவிட்டான். ஜெபஸ்டின் யாரென்றால், எங்கள் அணியில் நன்றாக அடிக்கிறவன் அவன்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். பன்னிரண்டோடு நின்று ஐஸ் ஃபேக்டரிக்குப் போய்விட்டான். ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு மனுப் போட எல்லாம் தயாராக வைத்திருந்தான். ஸ்டேட் சர்டிபிகேட் ஒன்றுதான் பாக்கி. வருகிற டிசம்பரோடு வயசு தாண்டுகிறது. அவனுக்கு இந்த வருஷம்தான், இந்த மூன்று ஆட்டம்தான். அந்த மனுவையும் நான்தான் பூர்த்தி செய்து கொடுத்திருந்தேன், பெரிய எழுத்தில், கட்டம் கட்டமாக.

மூன்றாவது ஆட்டம் மறுபடி எங்கள் ஊரில். காலை ஏழரைக்கு சார் என்னைக் கூப்பிட்டார். "எலே, வரிசையில நாலையும் அஞ்சையும் மாத்திப் போடு. பேச்சிமுத்து நாலு, ஜெபஸ்டின் அஞ்சு. போன வாரம் ரெண்டு பேரு ஓடக் காத்து நிக்கும்போது பதறி அடிச்சு அவுட்டாயிட்டான்." அவனிடம் சொல்லிவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அது ஸ்கோரர் வேலை இல்லை. நான்கு தாள் எழுதணும். நடுவருக்கு ஒன்று, எதிரணிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, எங்கள் அணிக்கு ஒன்று. கார்பன் வைத்து எழுதினால் நான்காவது மங்கலாக வந்தது. எனக்கு மங்கலாக இருந்தால் பிடிக்காது. அதைமட்டும் திரும்பத் தனியாக எழுதினேன்.

எங்கள் அணி எப்போதும் வரிசையை ஒரு பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு வேப்பமரத்து ஆணியில் தொங்கவிடும். அட்டை என்னுடையதுதான், கல்லூரிக்குக் கொண்டுபோனது. பயல்கள் அதைப் பார்த்துத்தான் மட்டை எடுப்பார்கள். சார் சொல்வதை எவனும் காதில் வாங்க மாட்டான், அட்டையில் இருப்பதுதான் அவர்களுக்கு வேதவாக்கு. அதில் போன வாரத்துத் தாள் இருந்தது. நான்காவது தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். இந்தத் தடவை ஆட்டத்துக்கு முன்னாலேயே போட்டோ. ஜெயிப்போம் என்று அவ்வளவு நம்பிக்கை.

"பென்சில் வந்துட்டாம்லே! வா வா, புடி."

எடுத்தேன். இரண்டு எடுத்தேன், ஒன்றில் சார் கண்ணை மூடியிருந்தார். போனைத் திருப்பிக் கொடுத்தேன். போய் என் மேசையில் உட்கார்ந்தேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், அண்ணாச்சி. நான் பொய் சொல்கிறவன் இல்லை. தாள் சட்டைப் பையில் இருந்தது எனக்குத் தெரியும். பேனாவை அதன் மேல்தான் குத்தியிருந்தேன். யாராவது, "ஏலே, புதுசு எங்க?" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

போட்டோ விஷயத்தை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். கொஞ்சம் இப்படி நெருங்கி உட்காருங்கள். கண்டக்டர் பாடு இனிமேல் திண்டாட்டம்தான். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆங், முதல் சுற்று. நான்காவது ஆளாகப் பேச்சிமுத்து வரணும். ஜெபஸ்டின் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ப்பக்கம் உப்பாற்றூர் மேனேஜர் செல்லப்பழமும் நிமிர்ந்தார். அரிசிக்கடை வைத்திருக்கிறவர், அறுபது வயது, வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தன் தாளைப் பார்த்தார். ஜெபஸ்டினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

ஜெபஸ்டின் அவுட். அவுட்டானது அவர்களுக்கு லாபம், ஏன் முறையிடப் போகிறார்? தாளை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு ஒரு வெற்றிலை போட்டார். இரண்டாவது சுற்று, அதேபோல ஜெபஸ்டின் முன்னால் வந்தான், அதேபோல அவுட். செல்லப்பழம் இன்னொரு வெற்றிலை. அவர் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மைதானத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். அவ்வளவு பேரில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம், இரண்டு மணி நேரம். சார் ஓடுகிறவனைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தார், வரிசையை அட்டை பார்த்துக்கொள்ளும் என்று. உங்களுக்குச் சொல்கிறேன், கை வலித்தது. எழுதியதால் இல்லை. பென்சிலை அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறேன்.

நடுவில் ஜெபஸ்டின் தண்ணீர் குடிக்க என் மேசைக்கு வந்தான். சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துவிட்டு, "ஏலே, எல்லாம் சரியா எழுதுறியா?" என்றான்.

"சரியாத்தாம்லே எழுதுதேன்."

"நீ சரியாத்தான் எழுதுவ" என்று முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். உண்மைதான், சரியாகத்தான் எழுதியிருந்தேன். வரிசை மாறி வந்தது, எத்தனையாவது சுற்று, எல்லாம் இருக்கிறது. எவரும் குறை சொல்ல முடியாது.

கடைசிச் சுற்று. அவர்கள் ஐந்து, நாங்கள் நான்கு. எங்களுக்கு இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பேஸில், அதாவது ஓடி நிற்கிற கட்டத்தில் ஒருவன், மூன்றாவது பேஸில் ஒருவன். இரண்டு பேரும் சுற்றி ஓடி வந்துவிட்டால் இரண்டு ரன், நாங்கள் சாம்பியன். அடுத்து வர வேண்டியவன் பேச்சிமுத்து. வந்தவன் ஜெபஸ்டின்.

சிலுவை போட்டுக்கொண்டான். முதல் பந்தை விட்டான். இரண்டாவது பந்தை அடித்தான் பாருங்கள், அப்படி ஒரு அடியை நான் இந்தப் புத்தகத்தில் எழுதியதே இல்லை. காம்பவுண்டுச் சுவரில் பட்டு மணலில் விழுந்தது. மூன்றாவது பேஸ்காரன் வந்தான், இரண்டாவது பேஸ்காரனும் வந்தான். ஆறுக்கு ஐந்து. ஊரே உள்ளே புகுந்துவிட்டது. ஞானசிகாமணி சார் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்து அழுகிறார். என் சித்தப்பா துண்டைச் சுழற்றி எறிகிறார்.

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

செல்லப்பழம் ஓடவில்லை. வெற்றிலையைத் துப்பினார். வேட்டியை இறக்கிவிட்டார். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி மெதுவாக நடந்து வந்து, மடியிலிருந்து தாளை எடுத்து விரித்து நடுவரிடம் கொடுத்தார். நடுவர் தன் தாளைப் பார்த்தார். என் மேசைக்கு வந்தார்.

"வரிசைப்படி யாருப்பா வந்திருக்கணும்?"

"பேச்சிமுத்து, சார்."

கேட்டார், சொன்னேன். நடுவர் கையைத் தூக்கினார். அடித்தது செல்லாது. பேச்சிமுத்து அவுட். ஐந்துக்கு நான்கு, உப்பாற்றூர் சாம்பியன்.

ஜெபஸ்டின் மட்டும் தூரத்தில் இரண்டாவது பேஸ் மேல் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே இருந்தான். அவனிடம் போய்ச் சொல்ல ஆள் இல்லை. ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் என்ன. டீக்கடையில் எனக்கு டீ இல்லை. அம்மாவைக் குழாயடியில், "என்னக்கா, உப்பாத்தூர்லயே வீடு பாத்தாச்சா?" என்கிறார்கள். சார் ஒருவர்தான் சத்தம் போடவில்லை. "எலே, நீ பேச வேண்டாம். ஒரு இருமல் இருமியிருக்கலாம்லா" என்றார். இருமலைப் பற்றி ரூலில் ஒன்றும் இல்லைதான். ஆனால் இருமினாலும் சொன்ன மாதிரிதானே? செல்லப்பழம் எனக்குச் சாதகமாக ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். 'நடுநிலை தவறாத, ஒழுக்கமுள்ள இளைஞர்.' "அடுத்த வருஷம் எங்க ஊரு ஆட்டத்துக்கெல்லாம் வந்து எழுது தம்பி" என்றார். வாழ்க்கையில் என்னைப் புகழ்ந்து வந்த முதல் கடிதம், அதை வீட்டில் காட்ட முடியவில்லை.

ஜெபஸ்டின் போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தான். கையில் என் பரீட்சை அட்டை. துடைத்துக் கொண்டுவந்திருந்தான். "உன் அட்டை. கிளிப்பு கொஞ்சம் லூசாயிட்டு." அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"ஏம்லே சொல்லல?" என்றான்.

"ஸ்கோரர் சொல்லக் கூடாதுலே. ரூல்."

தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் ஃபிரேம் போட்ட சர்டிபிகேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "சார் காலைலயே உன்கிட்ட மாத்தச் சொல்லிட்டாராம்லா" என்றான்.

அது கேள்வி இல்லை, அண்ணாச்சி. கேள்வியாக இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஸ்கோரர் பேசலாமா, கூடாதா என்று ரூல் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன், மூன்று தடவை. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இல்லாத ஒன்றுக்கு நான் என்ன சொல்வது? அவன் எழுந்து போய்விட்டான். டீயில் ஆடை படிந்துவிட்டது.

இதோ, இதுதான் அந்த நான்காவது தாள். புத்தகத்தின் கடைசி உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பேனா மை கொஞ்சம் ஊறிவிட்டது. நான்கு, பேச்சிமுத்து. ஐந்து, ஜெபஸ்டின். எழுத்து நன்றாக இருக்கிறது, இல்லையா? உங்களிடம்தான் முதலில் காட்டுகிறேன். தூங்கி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. ஏனென்று தெரியவில்லை. நான் தப்புச் செய்யவில்லையே.

விசாரணையில் நான் பயப்பட ஒன்றும் இல்லை. புகாரில் இரண்டே கேள்வி. எதிரணிக்குச் சைகை காட்டினாயா? இல்லை. புத்தகம் சரியாக எழுதினாயா? எழுதினேன். எத்தனை தாள் எழுதினாய், நான்காவது எங்கே போனது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டால் எடுத்து மேசையில் வைப்பேன். கேட்டால் கண்டிப்பாகச் சொல்வேன்.

என்ன அண்ணாச்சி, எழுந்து எழுந்து வெளியே பார்க்கிறீர்கள்? புதுக்கிணறு விலக்கா? அது போய்விட்டதே. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்களே, அதுதான். கால் மணி நேரம் இருக்கும். கண்டக்டர் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியதில் மறந்துவிட்டார். நான் கவனித்தேன். போர்டைப் பார்த்தேன், பக்கத்திலேயே ஒரு வீட்டில் வாழைமரம் கட்டியிருந்தது. உங்கள் பைக்குள் போன் இரண்டு தடவை அதிர்ந்ததும் கேட்டது. தங்கச்சியாக இருக்கும்.

நீங்கள் சொல்லிவைத்தது கண்டக்டரிடம், என்னிடம் இல்லை. அவர் சொல்வார் என்று நான் இருந்தேன். நீங்களும் ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே.

அப்படிப் பார்க்காதீர்கள் அண்ணாச்சி. நீங்களும் அப்படிப் பார்க்காதீர்கள்.

சரி, விசில் அடித்துவிட்டார், வண்டி நிற்கிறது. பார்த்து இறங்குங்கள். பிள்ளைகளே, வழி விடுங்கள். அண்ணாச்சி! அண்ணாச்சி! பை! பட்டுப்பாவாடையை விட்டுவிட்டுப் போகிறீர்கள், இந்தாருங்கள், ஜன்னல் வழியாகவே பிடியுங்கள்.

பாருங்கள், நீங்கள் கேட்காமலேயே சொல்லிவிட்டேன்.